வீட்டுப் பூனையும் வீட்டார் நலமும்

 

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அஸருத் தொழுகை முடிந்து நாம் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தம் மருமகள் சார்பாக ஒரு கேள்வியைக் கொண்டு வந்தார். "ஹஜ்ரத், வீட்டில் பூனை ஒன்று வளர்கிறது. மருமகள் முழுகாமல் இருக்கிறாள். பூனையால் ஏதும் கேடு உண்டா என்று உங்களிடம் கேட்டு வரச் சொன்னாள்" என்றார்.

நாம் சற்றும் தயங்கவில்லை. பூனை நஜீஸ் அல்ல, அது வாய் வைத்த தண்ணீர் அசுத்தமாகி விடாது, கவலைப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பி விட்டோம். அவரும் மன நிறைவோடு சென்றார்.

இரண்டு மாதம் கழித்து அதே பெரியவர் மீண்டும் வந்தார். மருமகளைப் பரிசோதித்த பெண் டாக்டர், "வீட்டில் பூனை உண்டா? அதன் மலத்தை யார் அள்ளுகிறார்கள்?" என்று கேட்டாராம். கொல்லையில் பூனை அசுத்தம் செய்யும் மணலை அன்றாடம் வெறுங்கையால் அள்ளிக் கொட்டியவள் அந்த மருமகள்தான். "கேடு இல்லை என்று ஹஜ்ரத் சொன்னார்கள்" என்று அந்தப் பெண் பதில் சொல்லியிருக்கிறாள். டாக்டர் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். அல்ஹம்து லில்லாஹ், பரிசோதனையில் கெடுதல் எதுவும் இல்லை.

ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் பெண் கேட்டது கேட்டைப் பற்றி. நாம் சொன்னது தூய்மையைப் பற்றி. கேள்வி ஒன்று, பதில் வேறொன்று.

கதை அத்தோடு முடியவில்லை. டாக்டர் சொன்ன செய்தி தெருவில் பரவியது. அடுத்த தெருவில் ஒரு வீட்டார், தங்கள் மகள் பிரசவத்திற்கு வந்திருப்பதால் பயந்து போய், பூனையைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே கொண்டு போய் விட்டு விட்டு வந்தார்கள். அது அண்மையில் ஈன்ற மூன்று குட்டிகள் விறகுக் கட்டுக்குப் பின்னால் இரண்டு நாள் கத்தின. பிறகு சத்தம் கேட்கவில்லை.

ஒரு வீட்டில் அறியாமையால் அலட்சியம். மற்றொரு வீட்டில் அறியாமையால் அச்சம். இரண்டுக்கும் நடுவே ஒரு நேரான வழி இருக்கிறது. பூனையால் பரவும் நோய்கள் எவை, அவை யாரைப் பற்றும், யாரைப் பற்றாது என்பதைத் தெரிந்து கொண்டால் அந்த வழி புலப்படும். அன்று முதல் டாக்டர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் நாம் அறிந்து கொண்டதை இங்கே பாடமாக எழுதுகிறோம்.

தூய்மை வேறு, கேடு வேறு

முதலில் மார்க்கச் சட்டத்தைப் பார்ப்போம். அபூ கதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்வதற்காக அவர்களுடைய மருமகள் கப்ஷா அவர்கள் தண்ணீர் எடுத்து வைத்தார்கள். அப்போது ஒரு பூனை வந்தது. அபூ கதாதா (ரலி) அவர்கள் அது குடிப்பதற்கு வசதியாகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியப்போடு பார்ப்பதைக் கண்டு, பூனை அசுத்தமானதன்று, அது நம்மைச் சுற்றி வந்து கொண்டிருக்கும் பிராணிகளுள் ஒன்று என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கும் கருத்தை எடுத்துச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய ஹதீஸ் நூல்களில் இது பதிவாகியிருக்கிறது.

இதை ஆதாரமாகக் கொண்டு ஷாபிஈ மத்ஹபில் பூனையின் எச்சில் தாஹிர்; அது மக்ரூஹும் அன்று. ஹனபி மத்ஹபில், வேறு தண்ணீர் இருக்கும்போது பூனை வாய் வைத்த தண்ணீரைப் பயன்படுத்துவது மக்ரூஹ் தன்ஸீஹ். எலியைத் தின்ற இரத்தம் வாயில் இருக்கும்போதே அது வந்து சிறிதளவு தண்ணீரில் வாய் வைத்தால் அந்தத் தண்ணீர் நஜீஸாகி விடும். பூனையின் மலமும் சிறுநீரும் நஜீஸ் என்பதையும் மறந்து விடக் கூடாது. "பூனை தாஹிர்" என்று சொல்லும் நம்மில் பலர் இந்தக் கடைசிச் சட்டத்தைச் சொல்லாமல் விட்டு விடுகிறோம்.

இனி, தாஹிர் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அதைத் தொட்ட உடையோடு தொழலாம், அது பட்ட பாத்திரத்தைக் கழுவாமல் புழங்கலாம் என்பதே பொருள். அதனால் உடலுக்கு எந்தக் கேடும் வராது என்பது அதன் பொருளன்று. வெல்லம் தாஹிரானது, ஆயினும் நீரிழிவு உள்ளவர் அதை அள்ளித் தின்றால் என்ன ஆகும்? மண் தாஹிரானது; அதில் தயம்மும் செய்கிறோம். அதற்காகக் குழந்தை மண்ணைத் தின்றால் பார்த்துக் கொண்டிருப்போமா? தூய்மை பற்றிய சட்டத்தைச் சொல்பவர் ஆலிம். கேடு பற்றிய செய்தியைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். தனக்கும் பிறருக்கும் தீங்கு நேராமல் பார்த்துக் கொள்ள வேண்டும் என்ற அடிப்படை நம் மார்க்கத்தில் இருப்பதால், மருத்துவர் சொல்வதைக் கேட்டு நடப்பதும் மார்க்கத்தோடு சேர்ந்ததே.

கருவுற்ற பெண்கள்

பூனை என்றதும் டாக்டர்கள் கருவுற்ற பெண்களை எச்சரிப்பது டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரை முன்னிட்டுத்தான். 1908ஆம் ஆண்டு துனிஸ் நகரத்தில் ஒரு கொறிக்கும் பிராணியின் உடலில் இதனைக் கண்டுபிடித்தார்கள். பூனைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1970ஆம் ஆண்டையொட்டித்தான் தெளிவாயிற்று.

இது பரவும் விதத்தைக் கவனமாகப் புரிந்து கொள்ள வேண்டும். பூனை எலியையோ பறவையையோ பச்சை இறைச்சியையோ தின்னும்போது இந்நுண்ணுயிர் அதன் குடலுக்குள் போகிறது. முதன்முறையாகத் தொற்றும்போது, ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை, அதன் மலத்தோடு இந்நுண்ணுயிரின் முட்டை போன்ற உருவங்கள் இலட்சக்கணக்கில் வெளியேறுகின்றன. பெரும்பாலான பூனைகளுக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் இப்படி நேர்கிறது. வெளியேறிய உடனே அவை நோய் தருவதில்லை. ஒன்று முதல் ஐந்து நாள் வரை வெளியில் கிடந்த பிறகே மனிதரைத் தொற்றும் ஆற்றல் பெறுகின்றன. அதன் பின் ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும்.

இதிலிருந்து இரண்டு செய்திகளைத் தெரிந்து கொள்கிறோம். பூனையைத் தடவிக் கொடுப்பதால் மட்டும் இந்நோய் வருவது மிக அரிது. மலத்தை அன்றன்றே அப்புறப்படுத்தி விட்டால் ஆபத்து பெரிதும் குறைந்து விடும்.

உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்நுண்ணுயிர் எப்போதோ தொற்றியிருக்கும் என்பது அறிஞர்களின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் அதை அறிந்ததே இல்லை. சிலருக்கு மட்டும் இலேசான காய்ச்சலும் கழுத்தில் நெறி கட்டுதலும் வந்து போயிருக்கும். கருவுறுவதற்கு நெடுநாள் முன்பே தொற்றி விட்ட பெண்ணுக்கு உடலில் எதிர்ப்பாற்றல் உருவாகி விடுவதால், பொதுவாக வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு வருவதில்லை.

கேடு வருவது, கருவுற்ற காலத்திலோ அதற்குச் சற்று முன்போ முதன்முறையாகத் தொற்றும் பெண்ணுக்குத்தான். அப்போது நுண்ணுயிர் தாயிடமிருந்து கருவுக்குச் செல்லக் கூடும். முதல் மாதங்களில் தொற்றினால் கருவுக்குச் செல்வது குறைவு. சென்றால் விளைவு கடுமை. கரு சிதையலாம், பிள்ளையின் மூளையில் நீர் கோத்துக் கொள்ளலாம். கடைசி மாதங்களில் தொற்றினால் கருவுக்குச் செல்வது அதிகம். விளைவின் கடுமை பெரும்பாலும் குறைவு. பிறக்கும்போது நலமாகத் தோன்றிய பிள்ளைக்குச் சில ஆண்டுகள் கழித்துக் கண்ணின் உட்புறத்தில் புண் தோன்றிப் பார்வை கெடுவதும் உண்டு. இரத்தப் பரிசோதனையால் தொற்றை அறியலாம். அதற்கு மருந்துகளும் இருக்கின்றன. ஆகவே சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பூனை இல்லாத வீடுகளிலும் உண்டு

நம் வீடுகளில் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. இந்நோய் பூனையின் மலத்தால் மட்டும் வருவதில்லை. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி ஆகியவற்றுள்ளும் இந்நுண்ணுயிர் தங்கியிருக்கலாம். குறிப்பாக ஆட்டில் இது பரவலாகக் காணப்படுகிறது. நன்றாக வேகாத இறைச்சியாலும், பச்சை இறைச்சியை வெட்டிய கையைக் கழுவாமல் வாயில் வைப்பதாலும் இது தொற்றும்.

நம் சமையற்கட்டில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். கோலா உருண்டைக்குக் கைமாவை அரைத்து மசாலா சேர்த்து, உப்புப் போதுமா என்று பச்சையாகவே நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எத்தனை வீடுகளில் இருக்கிறது! குர்பானி நாளில் வீட்டுப் பெண்கள் காலை முதல் மாலை வரை பச்சை இறைச்சியோடு இருக்கிறார்கள். நடுவே அதே கையால் வெற்றிலை மடித்துப் போட்டுக் கொள்கிறார்கள். பூனையை விரட்டி விட்டு இதைச் செய்தால் என்ன பயன்? அதே நாளில் பச்சை நுரையீரலையும் கொழுப்பையும் பூனைக்கு எறிகிறோம். பூனைக்கு நோயைக் கொடுப்பதும் அந்தக் கைதான்.

தோட்டத்து மண்ணும் அப்படியே. பூனை மலம் கழித்து மண்ணைத் தள்ளி மூடி விடுவது அதன் இயல்பு. மூடியிருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த மண்ணில் வளர்ந்த புதினாவையும் கொத்துமல்லியையும் சரியாகக் கழுவாமல் பச்சையாக அரைத்தால், பூனை வளர்க்காத வீட்டுக்கும் தொற்று வந்து விடும்.

தண்ணீராலும் இது வரும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2004ஆம் ஆண்டு தொடங்கிக் கோயம்புத்தூரில் இந்நுண்ணுயிரால் கண் பாதிக்கப்பட்டு இருநூறுக்கு மேற்பட்டோர் சிகிச்சைக்கு வந்தார்கள். ஆராய்ந்த மருத்துவர்களின் ஐயம் குடிநீரின் மீதுதான் விழுந்தது. கனடாவின் விக்டோரியா நகரத்திலும் 1995இல் குடிநீர்த் தேக்கத்தின் வழியாக இவ்வாறே பரவியது. ஆகவே, கரு சிதைந்த ஒரு பெண்ணைப் பார்த்து, "பூனையைக் கொஞ்சினாயே, அதனால்தான்" என்று மாமியாரோ நாத்தனாரோ சொல்வது அநீதி. கரு சிதைவதற்குக் காரணங்கள் பல. பரிசோதனை செய்யாமல் பூனையின் மீது பழி போடுவதும் பெண்ணின் மீது பழி போடுவதும் ஆதாரமில்லாத குற்றச்சாட்டே ஆகும். துக்கத்தில் இருப்பவளுக்கு ஆறுதல் சொல்வது நம் கடமை. அவளுடைய துக்கத்தோடு குற்ற உணர்ச்சியையும் சேர்த்துக் கட்டுவது பாவம்.

எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள்

இரண்டாவதாக எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்கள், உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக் கொள்பவர்கள், சிறுநீரகம் மாற்றி வைத்துக் கொண்டவர்கள், ஸ்டீராய்டு மருந்தை அதிக அளவில் நெடுநாள் உண்பவர்கள், எய்ட்ஸ் நோயுள்ளவர்கள் ஆகியோர் இவ்வகையினர்.

மற்றவர்களின் உடலில் உறங்கிக் கிடக்கும் டாக்ஸோபிளாஸ்மா, இவர்கள் உடலில் விழித்தெழுந்து மூளையைத் தாக்கக் கூடும். சாதாரணமானவருக்குச் சிறு கொப்புளத்தோடு ஆறிப் போகும் பூனைக் கீறலும் இவர்களுக்குக் கடுமையாகலாம். இதய வால்வில் பழுதுள்ளவர்களுக்கும் கீறலால் வரும் கிருமி இதயத்தைத் தொடக் கூடும். இத்தகையோர் வீட்டில் இருந்தால் பூனையின் கழிவை அகற்றும் வேலையை வேறொருவர் ஏற்றுக் கொள்ள வேண்டும். புதிதாகக் குட்டிப் பூனை கொண்டு வருவதையும் தவிர்க்க வேண்டும். நோயை வெளியே சொல்லக் கூச்சப்படுபவர்களும் உண்டு. அவர்கள் தங்கள் டாக்டரிடமாவது, "வீட்டில் பூனை இருக்கிறது" என்ற ஒரு சொல்லைச் சொல்லி விட வேண்டும்.

குழந்தைகள்

பூனையோடு மிகுதியாகப் புழங்குபவர்கள் குழந்தைகளே. குட்டிப் பூனையைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டு மதரஸாவுக்கே வரும் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு வரக் கூடியவை மூன்று.

முதலாவது கீறல் நோய். பூனையின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சி ஒரு பூனையிலிருந்து மற்றொன்றுக்குப் பார்ட்டோனெல்லா என்னும் கிருமியைப் பரப்புகிறது. தெள்ளின் கழிவு பூனையின் நகத்தில் ஒட்டிக் கொள்கிறது. அந்த நகம் கீறும்போது கிருமி நம் உடலில் புகுந்து விடுகிறது. ஓராண்டு நிரம்பாத குட்டிகளிடமே இது அதிகம். கீறிய இடத்தில் சிறு கொப்புளம் தோன்றும். ஓரிரு வாரம் கழித்துக் கையில் கீறியிருந்தால் அக்குளிலும், முகத்தில் கீறியிருந்தால் கழுத்திலும் நெறி கட்டும், காய்ச்சலும் வரலாம். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்து விடும். 1950இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் ராபர்ட் டெப்ரே இந்நோயை விவரித்து எழுதினார். அதற்குக் காரணமான கிருமி 1990களின் தொடக்கத்தில்தான் உறுதியாயிற்று. பிள்ளைக்கு நெறி கட்டியதும் காச நோயோ புற்றுநோயோ என்று பெற்றோர் கலங்கிப் போகிறார்கள். பூனை கீறியதை டாக்டரிடம் சொன்னால் வீண் கலக்கம் பாதி தீர்ந்து விடும்.

இரண்டாவது படர்தாமரை. இது காளானைச் சேர்ந்த ஒரு கிருமி. பூனையின் காதிலோ முகத்திலோ வட்டமாக முடி உதிர்ந்து செதில் தெரிந்தால் இதுவாக இருக்கலாம். சில பூனைகளிடம் அடையாளம் எதுவும் தெரியாமலும் இருக்கும். பிள்ளையின் தலையில் பற்றினால் அவ்விடத்தில் முடி கொட்டும். ஒரே தொப்பியைப் பலர் மாற்றி மாற்றி அணிவதாலும், ஒரே சீப்பைப் பயன்படுத்துவதாலும் ஒரு பிள்ளையிடமிருந்து பல பிள்ளைகளுக்குப் பரவும். ஆகவே மதரஸாவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் தொப்பி இருக்க வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், அரிப்பு தணிந்தது போலக் காட்டி நோயை வளர்த்து விடும். தலையில் வந்த படர்தாமரைக்கு உள்ளே உண்ணும் மருந்து தேவை. அதை டாக்டர்தான் தர வேண்டும்.

மூன்றாவது குடற்புழு. பூனையின் மலத்திலுள்ள உருண்டைப் புழுவின் முட்டைகள் மண்ணில் சில வாரம் கிடந்து தொற்றும் பருவத்தை அடைகின்றன. மண்ணில் விளையாடிக் கை கழுவாமல் வாயில் வைக்கும் சிறு பிள்ளைகளின் வயிற்றுக்குள் போனால், அப்புழுக்கள் கல்லீரலுக்கும் அரிதாகக் கண்ணுக்கும் செல்லக் கூடும். வீடு கட்டக் கொட்டி வைத்த மணல் மேடு பிள்ளைகளுக்கு விளையாட்டிடம்; பூனைகளுக்கோ கழிப்பிடம். அதை இரவில் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பது பெரிய வேலையன்று.

முதியோரும் நீரிழிவு உள்ளோரும்

பூனையின் பல் ஊசியைப் போல மெல்லியது, கூர்மையானது. கடித்தால் வெளியே சிறு துளைதான் தெரியும். ஆனால் பல்லோடு கிருமி ஆழத்தில் இறங்கி விடும். மேல்தோல் மூடிக் கொள்ளும். பூனைகளின் வாயில் சாதாரணமாகவே இருக்கும் பாஸ்டுரெல்லா என்னும் கிருமியால் ஒரு நாளுக்குள்ளேயே கை சிவந்து வீங்கி வலிக்கத் தொடங்கும். விரல் மூட்டில் கடித்தால் மூட்டே கெடலாம். இது யாருக்கும் வரலாம். முதியோருக்கும், நீரிழிவோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்கும் விரைவாக முற்றும்.

நீரிழிவால் கால் மரத்துப் போன பெரியவர்கள் தஹஜ்ஜுதுக்கு இருட்டில் எழுந்து நடக்கையில் பூனையின் வாலை மிதிக்கிறார்கள். அது கீறி விடுகிறது. அவர்களுக்கு வலி தெரிவதில்லை. உளூச் செய்யும்போது காலைக் குனிந்து பார்த்துக் கழுவுங்கள். பார்வை மங்கியிருந்தால் பேரப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். காயம் தெரிந்தால் அன்றே டாக்டரிடம் செல்லுங்கள்.

எல்லோருக்கும் பொதுவான எச்சரிக்கை

இதுவரை சொன்னவை ஆளுக்கு ஆள் மாறுபடும். வெறிநோய் மட்டும் அப்படியன்று. குழந்தை, இளைஞர், கிழவர் என்ற வேறுபாடு அதற்கு இல்லை. மனிதருக்கு வெறிநோய் வருவது பெரும்பாலும் நாய்க் கடியால்தான். ஆயினும் வெறி நாய் கடித்த பூனைக்கும் அந்நோய் வரும்; அதன் கடியால் மனிதருக்கும் வரும். நோயின் அறிகுறி தோன்றி விட்டால் பிழைப்பது ஏறத்தாழ இல்லை. அறிகுறி தோன்றும் முன்பே தடுப்பூசி போட்டு விட்டால் தடுத்து விடலாம். 1885ஆம் ஆண்டு ஜூலை மாதம் லூயி பாஸ்டர் வெறி நாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முறையாகத் தடுப்பு மருந்து கொடுத்துக் காப்பாற்றினார்.

"பூனைக் கடிதானே" என்று மஞ்சள் தூளையும் சுண்ணாம்பையும் அப்பிக் கொண்டு இருந்து விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். இரத்தம் வந்த காயமானால் தடுப்பூசியோடு வேறொரு மருந்தும் காயத்தில் செலுத்த வேண்டியிருக்கும். சொன்ன நாட்களில் தவறாமல் ஊசியை முடிக்க வேண்டும். கருவுற்ற பெண்களும் கைக்குழந்தைகளும் இந்த ஊசியைப் போட்டுக் கொள்ளலாம். பிள்ளையைப் பூனை கடித்து விட்டது, ஓதிப் பாருங்கள் என்று நம்மிடம் வருவோரிடம் நாம் முதலில் கேட்பது, "சோப்புப் போட்டுக் கழுவினீர்களா? ஊசி போட்டீர்களா?" என்பதைத்தான். இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி விட்டு, அவர்கள் திரும்பி வரும் வரை துஆச் செய்து கொண்டிருக்கிறோம்.

பூனைக்கும் உரிமை உண்டு

ஒரு பூனையைக் கட்டிப் போட்டு, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாக விட்ட பெண் தண்டனைக்கு ஆளானாள் என்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். அதைக் கேட்டுக் கண் கலங்குகிறோம். பிறகு பாலூட்டும் பூனையைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விடுகிறோம். கட்டிப் போட்டுச் சாக விடுவதும், தாயைப் பிரித்துக் குட்டிகளைச் சாக விடுவதும் எவ்வளவு தூரம் வேறுபட்டவை? வளர்க்க முடியாத நிலை வந்தால், வளர்க்க விரும்பும் வேறொருவரிடம் ஒப்படைக்கலாம். ஆனால் மேலே சொன்ன நோய்களில் எதற்கும் பூனையை விரட்டுவது பொதுவான மருந்தாகாது. வீட்டாரின் பழக்கத்தை மாற்றுவதுதான் மருந்து.

நினைவில் நிறுத்த வேண்டியவை

1. பூனையின் கழிவை அன்றன்றே அப்புறப்படுத்த வேண்டும். கையுறை அணிந்து, அல்லது சிறு முறத்தால் அள்ளி, ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். பிறகு சோப்பால் கை கழுவ வேண்டும்.

2. கருவுற்றவர்களும் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் இந்த வேலையைச் செய்யக் கூடாது. வீட்டில் வேறு ஆளே இல்லையென்றால் கையுறையோடு செய்து, உடனே கை கழுவ வேண்டும். தோட்ட வேலைக்கும் இதுவே முறை.

3. பூனைக்குப் பச்சை இறைச்சி போட வேண்டாம். வேக வைத்துப் போடுங்கள். நமக்கும் இறைச்சியை நடுப்பகுதி வரை நன்றாக வேக வையுங்கள். பச்சைக் கைமாவில் உப்புப் பார்க்காதீர்கள். சிறிது பொரித்து உப்புப் பாருங்கள்.

4. கீரை, புதினா, கொத்துமல்லி ஆகியவற்றைப் பலமுறை கழுவுங்கள். ஐயமுள்ள தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

5. பூனைக்குத் தெள்ளும் குடற்புழுவும் இல்லாமல் கால்நடை மருத்துவரைக் கொண்டு மருந்து கொடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியும் போடுங்கள்.

6. குட்டியைக் கையால் சீண்டி விளையாடப் பிள்ளைகளை விடாதீர்கள். கீறினாலும் கடித்தாலும் மறைக்காமல் சொல்லும்படி பழக்குங்கள். அடிப்போம் என்று பயந்தால் பிள்ளை சொல்லாது.

7. எந்த நோய்க்கு டாக்டரிடம் சென்றாலும் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லுங்கள்.

இப்போது யாராவது நம்மிடம் வந்து, "பூனையால் கேடு உண்டா?" என்று கேட்டால் நாம் உடனே பதில் சொல்வதில்லை. "வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று முதலில் கேட்கிறோம். வீட்டில் இருப்பவர்களைப் பொறுத்தே பதில் அமைகிறது.

அந்தப் பெரியவரின் வீட்டில் ஆண் குழந்தை நலமாகப் பிறந்தது. பூனையும் அங்கேயே இருக்கிறது. டாக்டர் சொன்ன நாள் முதல் அதன் கழிவை அள்ளும் வேலையை அந்தப் பெரியவர் தாமே ஏற்றுக் கொண்டார். "மருமகள் எனக்கு உளூவுக்குத் தண்ணீர் எடுத்து வைக்கிறாள், நான் அவளுக்காக இதைச் செய்யக் கூடாதா, ஹஜ்ரத்?" என்று நம்மிடம் கேட்டார்.

வாயில்லாப் பிராணிகளிடம் இரக்கம் காட்டவும், நம் பொறுப்பில் உள்ளவர்களைக் கேட்டிலிருந்து காக்கவும், தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டு நடக்கவும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.